சார்ஜென்ட் டாலிவர் காத்திருந்த இடம்

டாலிவர் சென்டர், நெப்ராஸ்கா
மார்ச் 4, 1957

அன்புத் தம்பி ஆரினுக்கு,

இங்கே நான் சுகமாக இருக்கிறேன். என் வீட்டுக்காரர் க்ளைட் காலமான பிறகு மூன்றாவது குளிர்காலத்தையும் தனியாகக் கடந்துவிட்டேன். மகள் டோனா லிங்கன் நகரத்துக் கல்லூரியில் படிக்கிறாள், நன்றாக இருக்கிறாள். உன் உடம்பு எப்படி இருக்கிறது? கிறிஸ்துமஸ் அட்டையில் நீ எழுதிய இரண்டு வரியில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

வருஷத்துக்கு ஒரு அட்டை போடுகிறவள் மார்ச் மாதத்தில் எழுதுகிறாளே என்று நினைப்பாய். ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். நம் மாவட்டம் உண்டாகி இந்த ஆண்டோடு எண்பத்தைந்து வருஷம் ஆகிறது. மாநில வரலாற்றுச் சங்கம் நெடுஞ்சாலை ஓரத்தில் நமக்கு ஒரு நினைவுப் பலகை தருகிறது. அலுமினியத்தில் வார்த்த பெரிய பலகை. அதற்கான குழுவுக்கு நான்தான் செயலாளர். தலைவர் பர்டெட் கைம்ஸ், டிராக்டர் கடைக்காரர். அவருடைய தாத்தாவும் நம் தாத்தாவோடு அந்த ஏழு வண்டிகளில் வந்தவர்தானே. நான் எழுதிய வாசகம் இது:

"1871 ஜனவரியில் முதல் குடியேறிகள் ஏழு வண்டிகளுடன் இவ்வழியே வந்தபோது பனிப்புயலில் சிக்கினர். அவர்களுக்கு வழித்துணையாக வந்த குதிரைப்படை சார்ஜென்ட் ஏமஸ் டாலிவர், உதவி தேடித் தனியே சென்று ஜனவரி 9 அன்று உயிர் நீத்தார். லெமுவேல் ஸ்ட்ரோட் முன்மொழிந்தபடி இம்மாவட்டத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது."

நம் லெமுவேல் தாத்தாவின் பெயர் பலகையில் வரப்போகிறது. அப்பாவும் அம்மாவும் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். செப்டம்பர் 14 திறப்பு விழா. சார்ஜெண்டின் மகள் ஹெஸ்டர் என்கிற அம்மாள் ஒஹாயோவில் இன்னும் உயிரோடு இருக்கிறார், எண்பத்தேழு வயது. விழாவுக்கு வருவதாக எழுதியிருக்கிறார்.

அம்மாவின் பொருள்கள் சில உன்னிடம் இருக்கின்றனவே. தாத்தா எழுதிய காகிதம் ஏதாவது அதில் உண்டா? ஜூன் முதல் தேதிக்குள் வாசகத்தை அனுப்ப வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். குளிரில் அலையாதே.

உன் அக்கா,
வெர்னா

—

வெனாச்சி பள்ளத்தாக்கு, வாஷிங்டன் மாநிலம்
ஏப்ரல் 20, 1957

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்து வெகு நாளாயிற்று. தோட்டத்தில் வேலை அதிகம், மன்னித்துக்கொள். நான் சௌக்கியம். ஆப்பிள் மரங்கள் பூத்துவிட்டன. இந்த வாரம் பனி விழாமல் இருந்தால் காய்ப்பு நன்றாக இருக்கும்.

என்னிடம் காகிதம் எதுவும் இல்லை. அம்மாவின் கைக்கடிகாரமும் பைபிளும்தான் இருக்கின்றன.

வாசகம் நன்றாக எழுதியிருக்கிறாய். நீ எப்போதும் நன்றாக எழுதுவாய். ஒன்று மட்டும் கேட்கிறேன். "உதவி தேடித் தனியே சென்று" என்ற வரியைக் கொஞ்சம் நிறுத்திவைக்க முடியுமா? அவர் வழித்துணையாக வந்தார், இந்தப் பகுதியில் இறந்தார் என்று மட்டும் போட்டால் போதாதா?

டோனாவுக்கு என் அன்பைச் சொல்.

ஆரின்

—

டாலிவர் சென்டர்
ஏப்ரல் 29, 1957

அன்புத் தம்பிக்கு,

நலமாக இருக்கிறாய் என்று தெரிந்து நிம்மதி. எனக்கு முழங்கால் வலி தவிர குறை ஒன்றுமில்லை.

ஆனால் உன் கடிதம் எனக்குப் புரியவில்லை. அந்த வரியை எடுத்துவிட்டால் பலகையில் என்ன இருக்கும்? வழியோடு போன ஒரு சிப்பாய் செத்தான் என்பதற்காகவா ஒரு மாவட்டத்துக்கே அவன் பெயரை வைப்பார்கள்? பர்டெட்டிடம் நீ சொன்னதைச் சொன்னேன். சிரித்தார். "உன் தம்பி ஆப்பிளைப் பார்த்துக்கட்டும். சார்ஜெண்டை நாம பார்த்துக்கலாம்" என்றார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. இருந்தாலும் அவர் கேட்டதில் தப்பில்லை. காரணம் சொல்லாமல் ஒரு வரியை எடு என்றால் எப்படி?

ஹெஸ்டர் அம்மாளிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. கை நடுங்கி எழுதிய எழுத்து. "என் அப்பாவை எங்கே அடக்கம் செய்தீர்கள் என்று என் அம்மா மூன்று முறை ராணுவத்துக்கு எழுதிக் கேட்டாள். பனியில் உடல் கிடைக்கவில்லை என்று பதில் வந்தது. உங்கள் ஊர்ப் பெரியவர்கள் யாராவது எந்தத் திசையில் போனார் என்றாவது சொல்லியிருப்பார்களா? அந்தத் திசையைப் பார்த்து நின்றுவிட்டு வந்தால் போதும் எனக்கு" என்று கேட்டிருக்கிறார்.

எந்தத் திசை என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமா, ஆரின்? உனக்கு ஏதோ தெரியும் என்று தோன்றுகிறது. தெரிந்தால் எழுது.

அன்புடன்,
வெர்னா

—

டாலிவர் சென்டர்
மே 27, 1957

அன்புத் தம்பிக்கு,

நீ நலம்தானே? ஒரு மாதமாக உன் பதிலுக்காகத் தபால் பெட்டியைத் திறந்து திறந்து பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை வாசகத்தை அனுப்பியாக வேண்டும். அதற்குள் உன்னிடமிருந்து ஒன்றும் வராவிட்டால் உள்ளபடியே அனுப்பிவிடுவேன். பிறகு என்மேல் வருத்தப்படாதே.

வெர்னா

—

வெனாச்சி பள்ளத்தாக்கு
ஜூன் 9, 1957

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். நான் பரவாயில்லை. பென்சிலில் எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். இதற்குள் வாசகம் போயிருக்கும். தெரிந்தேதான் தாமதித்தேன் என்று நீ நினைக்கலாம். பாதி உண்மை.

அந்த அம்மாள் திசையைக் கேட்டிருக்காவிட்டால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

சார்ஜென்ட் டாலிவர் எங்கேயும் போகவில்லை. அவரால் போக முடியாது. வண்டிக்குதிரை ஒன்று விழுந்தபோது தன் குதிரையை அவிழ்த்து அந்த வண்டியில் பூட்டிவிட்டு இரண்டு நாள் பனியில் நடந்தே வந்திருக்கிறார். இரண்டு பாதமும் உறைந்து கறுத்துவிட்டன. ஒன்பதாம் தேதி காலை ஏழாவது வண்டியின் அச்சு முறிந்தது. மற்ற வண்டிகளில் குழந்தைகள், உடம்பு சரியில்லாதவர்கள். இடமில்லை. அவரை அந்த உடைந்த வண்டியிலேயே படுக்க வைத்து, இரண்டு கம்பளியும் ஒரு பை சோளமாவும் கொடுத்து, "பொழுது சாயறதுக்குள்ள வந்து கூட்டிக்கிட்டுப் போறோம்" என்று சொல்லிவிட்டு வந்தார்கள். சொன்னவர் நம் தாத்தா.

நாலு மைல் தள்ளி ஆற்றங்கரையில் வேட்டைக்காரர்கள் குடைந்து வைத்திருந்த மண் குடிலில் பத்தொன்பது பேரும் ஒண்டினார்கள். மறுநாள் நண்பகலில் புயல் ஓய்ந்துவிட்டது. ஆனால் யாரும் கிளம்பவில்லை. குதிரைகளுக்குத் தெம்பில்லை என்றார் ஒருவர். வானத்தைப் பார்த்தால் திரும்ப வரும் போலிருக்கிறது என்றார் இன்னொருவர். இந்நேரம் போயிருப்பான், செத்தவனுக்காக ஏன் இன்னொருவன் சாக வேண்டும் என்றார் வேறொருவர். தினமும் காலையில் நாளைக்குப் பார்க்கலாம் என்றார்கள். பதினான்காம் தேதிதான் போனார்கள்.

அவர் வண்டியின் பலகைகளை ஒவ்வொன்றாகப் பிளந்து எரித்திருந்தார். எரிக்காமல் விட்ட ஒரே பலகையில் கத்தியால் கீறிய நாலு கோடுகள் இருந்தன. விடியலுக்கு ஒன்று. பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. அந்தப் பலகையை அவர்களே எரித்தார்கள். உதவி தேடிப் போனார் என்று சொல்வதாக அங்கேயே நின்று பேசிக்கொண்டார்கள். மார்ச்சில் மண் இளகியதும் அதே இடத்தில் புதைத்தார்கள்.

அது எங்கே என்று உனக்குத் தெரியும், அக்கா. நம் வடக்கு வயலில் தாத்தா ஏர் ஓட்டாமல் விட்ட துண்டு நிலம். அடியில் கல் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோமே. வேறு யாரும் உழுதுவிடக் கூடாது என்றுதான் அந்த நிலத்தைத் தன் பெயருக்குப் பதிந்துகொண்டிருக்கிறார். மாவட்டத்துக்கு அவர் பெயரை வைக்கச் சொன்னதும் அந்த உறுத்தலால்தான்.

தாத்தா சாகும்போது இதை அம்மாவிடம் சொன்னார். அம்மா என்னிடம் சொன்னாள். 1939 அக்டோபரில், காசநோய் சானடோரியத்தில், என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள். "உன்னை இங்க பார்க்கறப்பல்லாம் எனக்கு அந்த ஆள் ஞாபகம்தாண்டா வருது" என்றாள். வேறு யாரிடமும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டாள். பதினெட்டு வருஷம் சொல்லவில்லை.

அந்த அம்மாளுக்குத் திசை வேண்டாம். இடமே இருக்கிறது. சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

ஆரின்

—

டாலிவர் சென்டர்
ஜூன் 16, 1957

தம்பி ஆரினுக்கு,

உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்துவிட்டேன். நலம் விசாரிக்கவும் கை வரவில்லை.

அம்மா உன்னைப் பார்க்க வந்தாளா? எனக்குத் தெரியாது. 1939 அக்டோபரில் ஓமாஹாவில் தன் சிநேகிதி வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். நான்தான் ரயிலேற்றிவிட்டேன். திரும்பி வந்து ஓமாஹாவில் கடைகள் எப்படி இருக்கின்றன என்றெல்லாம் எனக்குக் கதை சொன்னாள். எத்தனை தடவை வந்தாள்?

சார்ஜெண்டைப் பற்றி எழுத வேண்டிய கடிதத்தில் இதைக் கேட்கிறேனே என்று எனக்கே தெரிகிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

நேற்று வடக்கு வயலுக்குப் போனேன். குத்தகைக்காரன் கோதுமை போட்டிருக்கிறான். நடுவில் அந்தத் துண்டு அப்படியே இருக்கிறது, ஒரு கூண்டு வண்டி நிற்கிற அளவு. கம்பியால் குத்திப் பார்த்தேன். ஆரின், அங்கே கல்லே இல்லை. கம்பி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. உடனே உருவிவிட்டேன். குத்திய இடத்தைக் கையால் மண் தள்ளி மூடினேன்.

மாநிலச் சங்கத்துக்குத் தந்தி கொடுத்து வார்ப்பை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். குழு கூடித் தீர்மானம் அனுப்பினால்தான் வாசகத்தை மாற்றுவார்களாம்.

நீ நன்றாக இருக்கிறாய் என்று ஒரு வரி எழுது.

வெர்னா

—

வெனாச்சி பள்ளத்தாக்கு
ஜூலை 5, 1957

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன்.

அம்மா வருஷத்துக்கு இரண்டு தடவை வந்தாள். வரும்போது ஜாம் கொண்டுவருவாள். நர்ஸுகள் சாப்பிட்டுவிடுவார்கள். மனதில் வைத்துக்கொள்ளாதே. உனக்கு அப்போது கைக்குழந்தை. அந்த நோய் எப்படிப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும். க்ளைட் வீட்டாரும் பயந்திருப்பார்கள். நான் உன் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது.

பர்டெட்டோடு சண்டை போடாதே. அதே ஊரில் நீ இருந்தாக வேண்டும்.

இங்கே நல்ல வெயில். ஜன்னலிலிருந்து மலை தெரிகிறது.

ஆரின்

—

டாலிவர் சென்டர்
ஆகஸ்ட் 11, 1957

அன்புத் தம்பி ஆரினுக்கு,

உடம்பு நலமா? நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன்.

குழு வியாழக்கிழமை நீதிமன்றக் கட்டிடத்தின் கீழறையில் கூடியது. ஆறு பேர். உன் கடிதத்தில் சார்ஜெண்டைப் பற்றிய பகுதியை மட்டும் படித்துக் காட்டினேன். முடித்ததும் பர்டெட்தான் ஆரம்பித்தார்.

"உன் தம்பி இருபது வருஷமா இந்த ஊரை எட்டிப் பார்த்ததில்ல. இப்ப எங்கயோ உட்கார்ந்துக்கிட்டு நம்ம தாத்தாமாரைக் கொலைகாரங்கன்னு எழுதறானா?"

"கொலைன்னு அவன் எழுதலை, பர்டெட். போகலைன்னு எழுதியிருக்கான்."

"அத்தாட்சி இருக்கா? ஒரு காகிதம் காட்டு."

"காகிதத்துல எழுதியிருந்தா இத்தனை வருஷம் மறைச்சிருக்க முடியுமா?"

பள்ளித் தலைமையாசிரியர் சொன்னார்: "அம்மா, பிள்ளைங்க பஸ்ஸுல வந்து இதைப் படிக்கப் போறாங்க. நாலு நாள் ஒரு ஆளைத் தவிக்க விட்டவங்கதான் நம்ம ஊரை உண்டாக்கினாங்கன்னு போடச் சொல்றீங்களா?"

"நடந்தது அதுதானே, சார்?"

ஐந்துக்கு ஒன்று. பழைய வாசகமே வார்க்கப்படுகிறது.

வெளியே படியில் இறங்கும்போது பர்டெட் என் பின்னாலேயே வந்தார். கார்க் கதவைத் திறந்துகொடுத்துவிட்டு, கதவைப் பிடித்தபடியே நின்றார். "எங்கப்பா உங்க வடக்கு வயலைத் தாண்டறப்பல்லாம் தொப்பியைக் கழட்டுவார், வெர்னா. ஏன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல" என்றார். பிறகு, "கேட்டிருக்கணும்னு நீ சொல்லாதே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஹெஸ்டர் அம்மாளிடம் சொல்வதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. எண்பத்தேழு வயதில் இதைத் தெரிந்துகொண்டு என்ன செய்வார்?

இன்னொன்று எழுத வேண்டும். நீ எனக்காகக் காரணம் தேடித் தருகிறாய். எனக்கு அது வேண்டாம். 1937 நவம்பரில் உன்னை அந்தச் சானடோரியம் வாசலில் இறக்கிவிட்டபோது வசந்தத்தில் வருகிறேன் என்று சொன்னேன். பிப்ரவரியில் டோனா பிறந்தாள். அதனால் அந்த வசந்தத்தில் வரவில்லை. அது ஒரு வருஷத்துக்குக் காரணம். மற்ற நாலு வருஷத்துக்கு என்னிடம் காரணம் கிடையாது. ஊரில் எல்லோரிடமும் நீ மேற்கே வேலைக்குப் போயிருப்பதாகச் சொன்னேன். முதலில் அப்பாவுக்காகச் சொன்னேன். பிறகு சொல்லிச் சொல்லி எனக்கே அது நிஜம் போல ஆகிவிட்டது. நீ குணமாகி ஒருவரிடமும் சொல்லாமல் நிஜமாகவே மேற்கே போனபோது, வெட்கத்தோடு சொல்கிறேன், நிம்மதியாகத்தான் இருந்தது.

இதற்கு நீ பதில் எழுத வேண்டும் என்றில்லை. சுகமாக இருக்கிறேன் என்று மட்டுமாவது எழுது.

வெர்னா

—

வெனாச்சி பள்ளத்தாக்கு
ஆகஸ்ட் 26, 1957

மதிப்புக்குரிய வெர்னா அம்மாள் அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. உங்கள் தம்பி பதினோரு வருஷமாக என் வீட்டு மாடியில் குடியிருக்கிறார். நான் திருமதி லுண்ட். இதை எழுதுவது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் கோபித்துக்கொள்வார்.

அவர் மே பத்தாம் தேதியிலிருந்து சானடோரியத்தில் இருக்கிறார். பழைய நோய் திரும்பிவிட்டது. நீங்கள் எழுதும் கடிதங்களை நான்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அவர் தருவதை என் வீட்டு முகவரியிலிருந்து நான்தான் தபாலில் சேர்க்கிறேன். இப்போது நல்ல மருந்துகள் இருக்கின்றன என்றாலும் வலது நுரையீரலில் ஒரு பகுதியை அறுத்து எடுத்தால்தான் பிழைப்பார் என்கிறார்கள். செப்டம்பர் 24 அன்று அறுவைச் சிகிச்சை. நெருங்கிய உறவினர் பெயர் எழுதும் இடத்தில் "யாருமில்லை" என்று போட்டிருந்தார்.

உங்கள் கடைசிக் கடிதத்தை என் முன்னாலேயே படித்தார். படித்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். பதில் உண்டா என்று கேட்டேன். "இல்லை, திருமதி லுண்ட்" என்றார். அடுத்த முறை நான் போனபோது "யாருமில்லை" என்பதை அடித்துவிட்டு உங்கள் பெயரை எழுதியிருந்தார். அதனால்தான் துணிந்து எழுதுகிறேன்.

தங்கள் நலம் நாடும்,
இங்க்ரிட் லுண்ட்

—

டாலிவர் சென்டர்
செப்டம்பர் 15, 1957

என் அன்புத் தம்பி ஆரினுக்கு,

இதை நேராக சானடோரியம் முகவரிக்கே அனுப்புகிறேன். திருமதி லுண்ட் அவர்களைக் கோபிக்காதே.

நேற்று விழா முடிந்தது. உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

ஹெஸ்டர் அம்மாள் வெள்ளிக்கிழமையே தன் மகளோடு வந்துவிட்டார். ஒல்லியான உருவம், கண் பார்வை கூர்மை. காது மட்டும் ஒரு பக்கம் மந்தம். சனிக்கிழமை காலை விழாவுக்கு முன்பே இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டு வடக்கு வயலுக்குப் போனேன். கோதுமை அறுத்தாகிவிட்டது. அறுத்த தாளுக்கு நடுவில் அந்தத் துண்டில் மட்டும் புல் இடுப்பளவு நின்றது. மடக்கு நாற்காலியைப் போட்டு அவரை உட்காரவைத்து, நல்ல காதுப் பக்கம் மண்டியிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் குறைக்கவில்லை. வருகிறோம் என்று சொன்னது என் தாத்தா என்பதையும் சொன்னேன்.

அவர் கையை நீட்டி அந்தப் புல்லைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"எத்தனை கோடு?"

"நாலு."

"கடைசி கோடு எந்தத் தேதி?"

"பதிமூணு."

"ராணுவத்துக் கடுதாசியில ஒன்பதுன்னு இருந்தது. எங்கம்மா அந்த ஒன்பதாம் தேதிக்கு வருஷா வருஷம் விரதம் இருப்பா." விரலை மடக்கி எண்ணினார். "எனக்கு ஒரு வயசு முடிஞ்சது பன்னெண்டாம் தேதி. அன்னைக்கு அவர் இருந்திருக்கார். நாள் எண்ணிக்கிட்டு இருந்திருக்கார்னா அன்னைக்கு என்ன நாள்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும்."

மகள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மன்னிக்கறதுக்கு எனக்கு இன்னும் தெம்பு வரலை, அம்மா. நாலு மைல்தானே. ஆனா நீ என்னை இங்க கூட்டிக்கிட்டு வந்தே. அதை மறக்க மாட்டேன்" என்றார். பிறகு நாற்காலியை விட்டு இறங்கி, அந்தப் புல்லில் மெதுவாகப் படுத்துக்கொண்டார். மகளும் நானும் தடுக்கவில்லை. கால் மணி நேரம் படுத்திருந்தார்.

பதினொரு மணிக்கு நெடுஞ்சாலையில் முந்நூறு பேர் கூடியிருந்தார்கள். பள்ளிக்கூட பேண்டு, பழைய சிப்பாய்கள், மேஜை மேஜையாய்ப் பழம் வைத்துச் சுட்ட பலகாரம். பர்டெட் பேசிவிட்டு, துணியை விலக்கச் சொல்லி ஹெஸ்டர் அம்மாளைக் கூப்பிட்டார். அவர் எழுந்து ஒலிபெருக்கி வரைக்கும் நடந்தார்.

"இந்தத் துணியை நான் எடுக்க மாட்டேன். என் அப்பா உதவி தேடிப் போகலை. உதவி வரும்னு நாலு நாள் காத்துக்கிட்டு இருந்தார். விட்டுட்டு வந்தவங்களோட பேரப்பிள்ளைங்க யாராவது வந்து எடுங்க" என்றார்.

பர்டெட்டின் முகம் சிவந்து, வெளுத்தது. நான் எழுந்து போனேன். பாதி தூரத்தில் எனக்குப் பின்னால் காலடி கேட்டது. பர்டெட். தொப்பி கையில் இருந்தது. ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து இழுத்தோம். பலகை பளபளவென்று இருந்தது, அதிலிருந்த பொய்யும் பளபளவென்று இருந்தது. யாரும் கை தட்டவில்லை.

பலகையை மாற்றுவார்களா என்று தெரியாது. நீ கையெழுத்திட்டு ஒரு வாக்குமூலம் அனுப்பினால் கோப்பில் வைப்பதாக மாநிலச் சங்கத்து ஆள் சொன்னார். வடக்கு வயல் என் நிலம். அங்கே நான் வைப்பதற்கு யாருடைய தீர்மானமும் வேண்டாம். கல்தச்சனிடம் சொல்லிவிட்டேன். பெயர், படைப்பிரிவு, "1871 ஜனவரி 13 வரை உயிருடன் இருந்தார்" என்று ஒரு வரி. வாசகம் ஹெஸ்டர் அம்மாளுடையது.

நான் புறப்படுகிறேன், ஆரின். வியாழக்கிழமை பஸ். நீ வேண்டாம் என்று எழுதினாலும் அந்தக் கடிதம் வருவதற்குள் நான் கிளம்பியிருப்பேன்.

வெர்னா

—

சானடோரியம், கீழ்த்தளம்
செப்டம்பர் 24, 1957

ஆரினுக்கு,

பஸ் மலைப்பாதையில் ஒரு நாள் முழுக்க நின்றுவிட்டது. நேற்று மாலைதான் வந்து சேர்ந்தேன். அறுவைச் சிகிச்சைக்கு முந்தின நாள் பார்க்க விடமாட்டோம் என்றுவிட்டார்கள். நான் கெஞ்சினேன், பிரயோஜனமில்லை. இன்று காலை உன்னை உள்ளே கொண்டுபோய்விட்டதாகச் சொன்னார்கள். நீ கண் விழித்ததும் இதைத் தருவதாக ஒரு நர்ஸ் ஒத்துக்கொண்டிருக்கிறாள்.

மாடிப்படிக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். திருமதி லுண்ட் காபி கொண்டுவந்தார். அவர் வீட்டிலேயே தங்கச் சொல்கிறார். எத்தனை நாள் என்று கேட்டார். தெரியாது என்றேன்.

இத்தனை வருஷம் கழித்து வந்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். இதனால் எதுவும் நேராகிவிடாது என்றும் தெரியும். நீ பார்க்க விரும்பவில்லை என்றால் மேலே வர மாட்டேன். இங்கேயே இருப்பேன்.

உன் அக்கா,
வெர்னா

—

செப்டம்பர் 29

அக்கா,

பேசக் கூடாதாம், எழுதலாமாம். நாலு நாளாக என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. இன்றுதான் நர்ஸ் உன் காகிதத்தைத் தந்தாள். "அந்தம்மா இன்னும் கீழேதான் இருக்காங்க, எங்களுக்கே அவங்க இப்ப சொந்தக்காரங்க மாதிரி ஆயிட்டாங்க" என்றாள்.

உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது. நிறைய இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கும். தேடிப் பார்க்கத் தெம்பில்லை.

பார்வை நேரம் இரண்டிலிருந்து மூன்று. வாயில் துணி கட்டச் சொல்வார்கள், கட்டிக்கொள். வலது பக்கம் எனக்குத் திரும்ப முடியாது. இடது பக்கம் நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன்.

ஆரின்